வாசலைக் காக்கும் நாய்: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்களுக்குப் பழக்கப் பயிற்சி சொல்லித்தரும் வேலையில் இருப்பதால், என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி வாசலைச் சுற்றியே இருக்கின்றன. கேட்டுக்கு யார் வந்தாலும் பாய்கிறது, விருந்தாளி வந்தால் அடக்க முடியவில்லை, தெருநாயைக் கண்டால் வெறிகொண்டு ஓடுகிறது என்று ஊருக்கு ஊர் ஒரே குறைதான். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை ஒட்டியே பேசுவதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது. நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் மட்டும் நேராக 18ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. எங்க நாய் கேட்டுக்கு யார் வந்தாலும் குரைக்குது. இது கெட்ட பழக்கமா, இல்ல நாயோட குணமே அதுதானா?

குணம்தான். தான் உண்டு உறங்கும் இடத்தை அயலாரிடமிருந்து காப்பது நாயின் இயல்பு. அந்த இயல்புக்காகவே மனிதர்கள் காலங்காலமாக அதை வாசலில் வைத்துக்கொண்டார்கள். ஆள் வருவதைக் கண்டு நாலைந்து முறை குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் வெளியே வந்ததும் அடங்கிவிடுகிற நாய்க்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.

வீட்டுக்காரர் வந்து நின்ற பிறகும் அடங்காமல் கேட்டில் ஏறிப் பாய்வது, கம்பி இடுக்கில் முகத்தை நுழைத்துக் கடிக்க முயல்வது, ஆள் போன பிறகும் வெகுநேரம் மூச்சிரைக்க அங்குமிங்கும் அலைவது ஆகியவற்றைக் கண்டால் கவனிக்கத் தொடங்க வேண்டும். தன் எல்லையை கேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் தெருமுனை வரை நாய் நீட்டிக்கொண்டே போவதும் அப்படிப்பட்ட அறிகுறிதான்.

2. குட்டியா இருந்தப்ப எல்லார்கிட்டயும் வாலாட்டிக்கிட்டு ஓடும். ஒரு வயசு ஆனதும் ஏன் இப்படி மாறிடுச்சு?

எல்லை காக்கும் குணம் குட்டியில் வெளிப்படுவதில்லை. பெரும்பாலான நாய்களில் ஆறேழு மாதத்துக்குப் பிறகு மெல்லத் தலைகாட்டி, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் முழு அளவுக்கு வருகிறது. ஆகவே உங்கள் நாய் மாறிவிடவில்லை, வளர்ந்திருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. பிறந்து ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ, அதையெல்லாம் உலகத்தின் இயல்பான பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. நம் வீடுகளில் குட்டியை வாங்கி வருவதும் தடுப்பூசி முடியும் வரை வெளியே விடாமல் வைத்திருப்பதும் சரியாக அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. நோய் பயம் நியாயமானது. ஆனாலும் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம்; தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், தடியூன்றி நடப்பவர், சைக்கிளில் வரும் பிள்ளைகள் ஆகியோரைப் பார்க்க வைக்கலாம். தடுப்பூசி போட்ட நாய்கள் உள்ள உறவினர் வீட்டுக்கும் அழைத்துப் போகலாம். இந்த வயதில் வீட்டார் நான்கு பேரை மட்டுமே கண்டு வளர்ந்த நாய்க்கு ஐந்தாவது மனிதர் எப்போதும் அந்நியர்தான்.

3. கூரியர் பையன் தினமும் வர்றான். இத்தனை நாள் ஆகியும் நாய்க்கு அவன் ஏன் பழக மாட்டேங்குறான்?

நடப்பதை நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருவர் கேட்டருகே வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். தன் வேலை முடிந்ததால் அவர் போனார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்தது ஒன்றே: குரைத்தேன், போய்விட்டார். குரைப்புக்குக் கூலி கிடைத்துவிட்டது. மறுநாளும் அதே கூலி. பால்காரர், பேப்பர் போடுபவர், பழைய இரும்பு எடுப்பவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்று ஒரே நாளில் எத்தனை முறை இந்தக் கூலி கைக்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், நாய் இந்த வேலையில் ஏன் நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுகிறது என்பது விளங்கும்.

ஆகவே தினமும் வருவதால் பழக்கம் வந்துவிடாது. வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பகை உறுதிப்படுகிறது. இவர்களில் மின் கணக்கெடுப்பவரின் நிலைதான் மிகவும் ஆபத்தானது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வரும் அவர், கேட்டோடு நின்றுவிடாமல் மீட்டர் இருக்கும் இடம் வரை உள்ளே வந்தாக வேண்டியவர். கணக்கெடுக்கும் நாள் ஏறத்தாழ முன்கூட்டியே தெரிவதால், அந்த நாள்களில் நாயைக் காலையிலேயே உள்ளறையில் விட்டுவிடுங்கள்.

4. இது எல்லையைக் காக்கிற கோபமா, இல்ல பயமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பொது இடத்தில் சோதித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் பாயும் நாய், அதே மனிதரை ஒரு மைதானத்தில் கண்டால் கண்டுகொள்ளாமல் நடக்கிறது என்றால், அதன் மனத்தில் இருப்பது இடம் பற்றிய எண்ணம். எங்கே கண்டாலும் குரைக்கிறது, பின்வாங்கிக்கொண்டே குரைக்கிறது, வாலைக் கால்களுக்கு நடுவே செருகுகிறது, காதைப் பின்னால் படிய வைக்கிறது என்றால் அடியில் இருப்பது அச்சம். எல்லை காக்கும் நாய் எடையை முன்னங்கால்களில் போட்டு, வாலை விறைப்பாக உயர்த்தி, வாயை மூடிக்கொண்டு உற்றுப் பார்க்கும். வாய் மூடி உடல் அசைவற்றுப் போகும் அந்த ஒரு நொடியைத்தான் வீட்டார் பலர் கவனிப்பதில்லை; குரைப்பு நின்றதால் நாய் அடங்கிவிட்டது என்று எண்ணி அப்போதுதான் கேட்டைத் திறக்கிறார்கள். கடிக்கு முந்தைய அறிகுறிகளில் அது முக்கியமானது.

பல நாய்களில் இரண்டும் கலந்தே இருக்கும். சோற்றுத் தட்டருகிலோ எலும்பருகிலோ மட்டும் உறுமுவது தனிச் சிக்கல். அதை இங்கே நான் பேசவில்லை.

5. சரி, முதல்ல என்ன செய்யணும்?

பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு, முதலில் கேட்டை நாயிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இது ஒன்றைத்தான். நாய் பகல் முழுவதும் கேட்டருகே கிடந்தால், நீங்கள் கால் மணி நேரம் கொடுக்கும் பயிற்சியை மீதி நேரத்தில் தெரு அழித்துவிடும்.

கம்பி கேட்டின் கீழ்ப்பாதியை வெல்டிங் கடையில் சொல்லித் தகரத் தகடோ ஃபைபர் ஷீட்டோ கொண்டு அடைத்துவிட்டால், தெருவில் போகும் கால்கள் நாயின் கண்ணில் படா. போர்டிகோவில் ஒரு குறுக்குக் கதவு வைத்து, கேட்டுக்கும் நாய்க்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குங்கள். வாசலுக்கு வந்து போவோரின் வேலையை கேட்டுக்கு வெளியிலேயே முடித்துவிடவும் வழி செய்யலாம்: பால் பாக்கெட்டுக்கு வெளியே ஒரு பை, பார்சலுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி, மணி அடிக்காமல் கைபேசியில் அழைக்கும்படி கூரியர்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஆள் நடமாட்டம் மிகுந்த நேரத்தில் நாய் வீட்டின் பின்கட்டிலோ உள்ளறையிலோ இருக்கட்டும். மொட்டை மாடியில் விடுவது மாற்று வழியாகாது. கைப்பிடிச்சுவர் வழியாக முழுத் தெருவும் அதன் பார்வைக்கு வந்துவிடும், வெயில் கொடுமை வேறு.

6. பயிற்சின்னா எப்படிப் பண்றது? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மணிச் சத்தத்தின் பொருளை மாற்றுவதே பயிற்சியின் சாரம். இப்போது மணி அடித்தால் எதிரி வந்தான் என்று பொருள். அதை, என் பாயில் போய்ப் படுத்தால் கறி கிடைக்கும் என்று மாற்ற வேண்டும். வாசலிலிருந்து தள்ளி, கூடத்தின் ஓரத்தில் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரியுங்கள். வீடு அமைதியாக இருக்கும் வேளையில், நாய் அதில் கால் வைத்தால் ஒரு துண்டு, படுத்தால் ஒரு துண்டு, படுத்தே இருந்தால் சற்று இடைவெளி விட்டு இன்னொரு துண்டு என்று கொடுத்து வாருங்கள். உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகத்தளவு கிள்ளிக்கொண்டால் போதும். சைவ வீடுகளில் பனீர் நன்றாக வேலை செய்யும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு, அவை வேண்டாம்.

பாயில் போய்ப் படுப்பது பழகிய பிறகு, உங்கள் வீட்டு அழைப்பு மணியைக் கைபேசியில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்க விடுங்கள். சத்தம் முதலில், கறி அதன் பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது. கறிப் பையைத் திறந்த பிறகு மணியை ஒலித்தால் நாய் பையைத்தான் கற்றுக்கொள்ளும், மணியைக் கற்றுக்கொள்ளாது. நாள் செல்லச் செல்ல ஒலியைக் கூட்டி, பிறகு வீட்டார் ஒருவரே வெளியே போய் உண்மையான மணியை அடிக்க வேண்டும். அதன் பின் நாய்க்குப் பழகிய நண்பர், கடைசியாகப் பழகாத ஒருவர்.

ஆள் நிற்கும் தூரத்தை நாயே சொல்லும். கறியை மெதுவாக வாங்கித் தின்றால் தூரம் சரி. விரலோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினால் நெருங்கிவிட்டோம். கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் மிகவும் நெருங்கிவிட்டோம், அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உதவிக்கு வந்தவர் நாய் அமைதியாக இருக்கும்போதுதான் திரும்பிப் போக வேண்டும். குரைக்கும்போது அவர் போனால், 3ஆம் கேள்வியில் சொன்ன கூலி மறுபடியும் கொடுக்கப்பட்டுவிடும்.

7. விருந்தாளி வந்தா என்னதான் பண்றது? ஒவ்வொரு தடவையும் கட்டிப் போட வேண்டியதா இருக்கே.

பயிற்சி நிலைபெறும் வரை, விருந்தாளி உள்ளே வருவதற்கு முன்பே நாய் வேறோர் அறையில் இருக்க வேண்டும். மென்று கொண்டிருக்க அதற்கு ஏதேனும் கொடுத்துவிடுங்கள். வந்தவர் உட்கார்ந்து, பேச்சு தொடங்கி, வீடு தணிந்த பிறகு நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்து வந்து, சற்றுத் தொலைவில் அதன் பாயில் படுக்க வையுங்கள். வாசற்படியில் சந்திப்பதைக் காட்டிலும், ஏற்கெனவே வீட்டில் அமர்ந்திருப்பவரைச் சந்திப்பது நாய்க்கு எளிது. இன்னும் நல்லது, நாயோடு நீங்கள் தெருவில் விருந்தாளியைச் சந்தித்து, மூவரும் சிறிது தூரம் நடந்துவிட்டுச் சேர்ந்தே உள்ளே நுழைவது.

விருந்தாளிக்கும் சில சொற்கள் சொல்லி வைக்க வேண்டும். நாயை உற்றுப் பார்க்க வேண்டாம், குனிந்து தலையைத் தடவ வேண்டாம், பிஸ்கட்டைக் கையில் நீட்ட வேண்டாம். எனக்கு நாய் என்றால் உயிர், என்னை ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டே நெருங்குபவரிடம் கூடுதல் கவனம் தேவை. அவர் எழுந்து கிளம்பும்போதும் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும்; உட்கார்ந்திருந்தவரை விட்டுவைத்து, எழுந்து முதுகைக் காட்டியதும் கெண்டைக்காலைக் கவ்வும் நாய்கள் நிறைய உண்டு.

8. கட்டிப் போட்டு, பச்சைக் கறி போட்டு வளர்த்தாத்தான் நாய்க்கு ரோஷம் வரும்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

பச்சைக் கறிக்கும் கோபத்துக்கும் தொடர்பில்லை. கிருமியும் குடற்புழுவும்தான் கூடுதலாக வரக்கூடும். மிளகாய் கொடுத்தால் சீறும் என்பது வீண் வதை.

சங்கிலி கோபத்தை வளர்ப்பது உண்மைதான், ஆனால் அது காவலுக்கு உதவுகிற கோபமன்று. விலக வழியின்றி, நெருங்கவும் வழியின்றி ஒரே இடத்தில் கிடக்கும் நாய்க்கு எட்டும் தூரத்தில் வருவதெல்லாம் எதிரியாகிறது. பந்தை எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில் சேர்த்தி. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் இல்லாமல் செய்வதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்களாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

9. எங்ககிட்ட இருக்கிறது கோம்பை. பயிற்சி குடுத்தா காவல் காக்குறதை விட்டுடாதா?

விடாது. தேனி மாவட்டத்துக் கோம்பையும் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் காவலுக்குப் பேர்போன இனங்கள். அந்நியரை உடனே ஏற்காத தன்மை அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. சில வாரக் கறித்துண்டால் அதை அழித்துவிட முடியாது, அழிக்க வேண்டியதும் இல்லை. முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையும் கன்னியும்கூட வீட்டாரிடம் ஒட்டுதலும் பிறரிடம் ஒதுக்கமும் கொண்டவை.

நல்ல காவல் நாய் ஆள் வந்ததைச் சொல்லும். உள்ளே விடலாமா என்பதை வீட்டுக்காரரிடம் விட்டுவிடும். நாம் பயிற்சியில் வாங்கிக்கொள்வது அந்த இரண்டாவது முடிவை மட்டும்தான். எல்லோரையும் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும் நாயின் குரலுக்கு, ஒருநாள் திருடனே வந்தாலும் வீட்டில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை என்பதை இவ்வினங்களை வளர்ப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

10. உறுமினா ஒண்ணு வைக்கணும், நாமதான் தலைவன்னு காட்டணும்னு ஒரு டிரெய்னர் சொன்னாரே?

அந்தக் கருத்தின் வேர், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் அவை மோதிக்கொள்ளத்தான் செய்யும். காட்டு ஓநாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதி, தலைமைக்கான ஓயாத சண்டை என்ற சித்திரத்தை மறுத்தார். நாயைக் கவிழ்த்துப் போட்டு அமுக்குவது, மின்னதிர்ச்சிப் பட்டை மாட்டுவது ஆகியவற்றால் நாய் கற்றுக்கொள்வது, அந்நியர் வந்தால் எனக்கு வலிக்கிறது என்பதை மட்டுமே. அவர் மீதான வெறுப்பு அதனால் கூடத்தான் செய்யும்.

உறுமலைத் தயவுசெய்து தண்டிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை; அதை அடித்து நிறுத்தினால், எச்சரிக்காமலே கடிக்கும் நாய் உங்களுக்குக் கிடைக்கும். உறுமினால் ஆளை விலக்குங்கள் அல்லது நாயை விலக்குங்கள், பிறகு எதனால் உறுமியது என்று யோசியுங்கள்.

11. வெளியே போயிட்டு வந்த பிறகும் வீட்டுக்குள்ள சோபா, பீரோ காலெல்லாம் மூத்திரம் அடிக்குது. பழிவாங்குதா?

நாய்க்குப் பழிவாங்கத் தெரியாது. செங்குத்தான பொருள்களின் மேல் சிறிது சிறிதாகத் தெளிப்பது மணத்தால் எல்லையைக் குறிக்கும் செயல். ஆண் நாய்களில் அதிகம், பெண் நாய்களிலும் உண்டு. புதுப் பொருள் வந்தாலோ, வேறொரு நாய் வீட்டுக்கு வந்து போனாலோ, வீடு மாறினாலோ இது கூடும். ஒரே இடத்தில் குளம்போல் விட்டால், அல்லது அடிக்கடி முக்கினால், அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறி வைத்த இடத்தை நொதி (என்சைம்) கலந்த செல்லப்பிராணித் துப்புரவுத் திரவத்தால் கழுவ வேண்டும். அம்மோனியா கலந்தவற்றைத் தவிர்க்கவும், மூத்திரத்திலும் அதே வாடை இருப்பதால் நாய் மறுபடி அங்கேயே போகும்.

12. ஆபரேஷன் பண்ணிட்டா கோபம் குறைஞ்சிடுமா?

ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் மூத்திரக் குறி வைப்பதும், பெட்டையைத் தேடிச் சுவரேறி ஓடுவதும் பெரும்பாலும் குறையும். வாசலில் அந்நியர் மேல் பாய்வது அதனால் மட்டும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது கற்றுக்கொண்ட பழக்கம். 4ஆம் கேள்வியில் சொன்ன அச்ச வகை நாயாக இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் கால்நடை மருத்துவரிடம் அதைச் சொல்லி, செய்ய வேண்டிய வயது குறித்துக் கேட்டு முடிவெடுங்கள். வேண்டாத குட்டிகளைத் தவிர்க்கவும் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டாமல் காக்கவும் கருத்தடை நல்லது. அந்தக் காரணங்களுக்காகச் செய்யலாம்.

13. தெருநாயைப் பார்த்தா எங்க நாய் கேட்டுக்கு உள்ளே, அதுங்க வெளியே, ஒரே சண்டை. வாக்கிங் போனாலும் சுத்தி வளைக்குதுங்க.

கேட்டுக்கு இருபுறமும் நின்று சண்டையிடுவது இரு தரப்புக்கும் கூலி கிடைக்கும் ஏற்பாடு. ஒவ்வொன்றும் தான் விரட்டியதாகவே எண்ணிக்கொண்டு திரும்புகிறது. 5ஆம் கேள்வியில் சொன்ன தடுப்புதான் இதற்கும் மருந்து. தெருவில் இறங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: அது அவற்றின் எல்லை, வந்தேறி உங்கள் நாய். ஓடாதீர்கள், கூச்சலிடாதீர்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேருக்கு நேர் போகாமல் வளைந்து விலகி நடங்கள். குழு எந்த வீட்டு வாசலில் எந்த நேரத்தில் கூடுகிறது என்பதை ஒரு வாரம் கவனித்தால், அதைத் தவிர்க்கும் பாதையும் நேரமும் தெரிந்துவிடும்.

விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். குழு நிலையாக இருக்கும் தெருவில் உங்கள் நாயை நாளடைவில் அவை கண்டுகொள்ளாமல் விடும். அவற்றுக்குச் சோறு வைப்பவராக நீங்கள் இருந்தால், உங்கள் கேட்டருகே வைக்காமல் தள்ளி ஓரிடத்தில் வையுங்கள். வாசலில் வைத்த சோறு அந்த வாசலையே அவற்றின் எல்லையாக்கிவிடும்.

14. ரெண்டு நாய் வச்சிருக்கோம். கேட்டுல ஆளைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்குது. ஏன்?

எதிரி எட்டாத தூரத்தில் இருப்பதால், பொங்கிய வேகம் பக்கத்தில் இருப்பதன் மேல் பாய்கிறது. அந்த நேரத்தில் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும் வீட்டாரின் கையும் கடிபடும். கடித்தது உங்களை என்று அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. கையை நுழைக்காமல், ஒரு பலகையையோ நாற்காலியையோ இடையில் தள்ளிப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் 6ஆம் கேள்வியின் பயிற்சியைத் தனித்தனியாகக் கொடுத்து முடித்த பிறகே சேர்த்து வைத்துப் பழக்க வேண்டும்.

15. ஃபிளாட்டுல இருக்கோம். லிஃப்ட்லயும் வராண்டாவுலயும் ஆளைப் பார்த்தா பாயுது. அசோசியேஷன்ல நாயையே வெளியேத்தச் சொல்றாங்க.

நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் லிஃப்டுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பதற்கு எந்த வழிகாட்டுதலும் ஈடாகாது. நாய் வளர்ப்பவர்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள், முடிந்தால் படியில் இறங்குங்கள். கதவைத் திறக்கும் முன் எட்டிப் பாருங்கள். கடைகளில் மஸில் என்று கேட்டால் கிடைக்கும் வாய்மூடியில் கூடை வடிவத்தை வாங்குங்கள். அதை மாட்டிய நிலையிலும் நாய் வாய் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணிப்பட்டை வகை நம் வெயிலுக்கு ஆகாது. கூடைக்குள் கறித்துண்டை வைத்து, நாய் தானே முகத்தை நுழைக்கும்படி சில நாள் பழக்கிய பிறகே வாரை மாட்ட வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை.

16. லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வர்றாங்க. நாய் அவங்களைப் பார்த்து வருஷம் ஆச்சு. விடலாமா?

அந்நியராகவே கருதித் தொடங்குங்கள். 7ஆம் கேள்வியில் சொன்ன முறையே போதும், இரண்டு சேர்க்கைகளுடன். பிள்ளைகள் ஓடுவதும் கத்துவதும் நாயின் வேகத்தைத் தூண்டும் என்பதால், விளையாட்டு நேரத்தில் நாய் உள்ளே இருக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் கண் முன்னால் அல்லாமல் நாயும் சிறுபிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கண்காணிப்பாகாது.

17. எட்டு வயசு வரைக்கும் சாதுவா இருந்துச்சு. இப்ப திடீர்னு வீட்டு ஆளுங்களையே பார்த்து உறுமுது.

முதலில் கால்நடை மருத்துவர், பிறகுதான் பயிற்சி. மூட்டு வலி, காதுப் புண், பல் வலி, கண்புரை, தைராய்டு குறைவு ஆகியவற்றில் எதுவும் சாதுவான நாயைச் சீற வைக்கும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அவற்றைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்துவிடும். அத்தகைய நாயை, தரையைக் காலால் தட்டி அதிர்வு கொடுத்தோ, கண்ணில் படும்படி முன்னால் வந்தோதான் எழுப்ப வேண்டும்.

18. கடிச்சிடுச்சு. இப்ப என்ன செய்யறது?

கடிபட்டவரைக் கவனியுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் போடுவார்கள் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். வெறிநோய் இருக்கிறதா என்று அறிய நாயை 10 நாள் கட்டாயம் கண்காணிப்பில் வைத்திருங்கள்; அடித்துக் கொன்றாலோ எங்காவது விட்டுவிட்டாலோ கடிபட்டவருக்குத்தான் கேடு.

வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வாசலில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை வருபவரை எச்சரிக்கும், ஆனால் உங்கள் பொறுப்பை நீக்கிவிடாது. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு, கடிபட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். ஒருமுறை கடித்த நாய் அதற்குப் பின் கேட்டருகே கட்டின்றித் திரியக் கூடாது, அது எவ்வளவு திருந்தியதாகத் தோன்றினாலும்.

19. இதெல்லாம் சரியாக எத்தனை நாள் ஆகும்?

கேட்டை அடைத்து நாயின் இடத்தை மாற்றிய முதல் வாரத்திலேயே வீட்டில் சத்தம் குறையும். பயிற்சி பிடிபடச் சில மாதங்கள் ஆகலாம். நாயின் வயது, பழக்கத்தின் பழமை, வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்கிறார்களா என்பவற்றைப் பொறுத்தது. அம்மா பாயில் படுக்கச் சொல்லும்போது, அப்பா ஜன்னலோரம் நின்று ‘யாரு, யாரு, பிடி’ என்று உசுப்பினால் ஒரு வருடம் ஆனாலும் மாறாது. தீபாவளி வெடியும் திருவிழாக் கொட்டும் சேர்ந்த நாள்களில் பழைய நிலை திரும்பக்கூடும். ஒரு வாரம் பாடத்தை நிறுத்தி, அமைதியான பிறகு இரண்டு படி பின்னாலிருந்து தொடங்குங்கள்.

20. எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, முடியல. தோப்புல காவலுக்கு யார்கிட்டயாவது கொடுத்திடலாமா?

கொடுப்பதற்கு முன், உண்மையிலேயே எல்லாம் செய்யப்பட்டதா என்று 5ஆம் கேள்வியை மீண்டும் படித்துப் பாருங்கள். கேட்டை அடைக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தவர்களே இந்த இடத்துக்கு அதிகம் வந்து சேர்கிறார்கள். அதன் பிறகும் முடியாவிட்டால், நாய்களின் நடத்தையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியோடு மருந்தும் சேர்ந்தால் தணியும் நாய்கள் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தோப்பு என்பது ஆளில்லாத இடமன்று. காய் பறிக்க வருபவர், தண்ணீர் பாய்ச்சுபவர், விறகு பொறுக்கும் பெண்கள், குறுக்குவழியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று அங்கும் மனிதர்கள் வருகிறார்கள். வாசலில் பாய்ந்த நாய் வரப்பிலும் பாயும், அங்கே தடுக்க கேட் இருக்காது. கொடுத்தே தீர வேண்டும் என்றால், வேலியும் ஆளும் உள்ள இடத்துக்கு, இந்த நாய் யாரை, எப்போது, எந்தச் சூழலில் கடித்தது அல்லது கடிக்க முயன்றது, தடுப்பூசி எப்போது போடப்பட்டது, எதைக் கண்டால் சீறும், என்ன கொடுத்தால் தணியும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நாயின் கயிற்றோடு சேர்த்துப் புதியவர் கையில் கொடுங்கள். முதல் சில வாரங்கள் அடிக்கடி போய்ப் பாருங்கள். சரிப்படவில்லை என்று அவர் சொன்னால் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும்.